ஃபேன் சுத்தணும் தம்பி!

"மெரினாவில் ஏர் ஷோ. படம் எடுக்கப் போறேன்ணே" என்றதும் சிதம்பரம் ஸ்டூடியோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடற பஸ்ஸை எடுத்திருக்கியா?"

"பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"ஜெட்டை ஆயிரத்துக்கு மேல ஷட்டர் வச்சு எடு. ஃபேன் வச்ச பழைய விமானத்தை அப்படி எடுத்தா, ஃபேன் நின்ன மாதிரி இருக்கும். பார்க்கிறவன் 'ஐயோ, விழப்போவுது'ம்பான். 125ல வை. அது போற வேகத்துக்கு கேமராவையும் கூடவே திருப்பு. ஃபேன் சுத்தணும், விமானம் ஷார்ப்பா இருக்கணும்!"

அப்புறம் என்ன? இரண்டு வாரம் கடலூர் ரோட்டோரம் தவம் கிடந்தேன். சக்கரம் சுத்தணும், போர்டில் 'கடலூர்' தெரியணும். அதுதான் பரீட்சை. முதல் நூறு படத்தில் சக்கரமும் தெரியவில்லை, கடலூரும் தெரியவில்லை! ஒரு கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஆர்.டி.ஓ. ஆபீஸா சார்?" என்று கலவரமானார்.

2024 அக்டோபர் 6, ஞாயிறு. ராத்திரி ரயிலேறி, காலையில் மெரினா. இந்திய விமானப்படையின் 92-வது ஆண்டு விழா. 72 விமானங்கள். பதினோரு மணிக்கு ஆரம்பம். மணலே தெரியவில்லை, அத்தனை தலைகள்! சூரியனும் கடல் பக்கமே நின்றதால் விமானமெல்லாம் காக்காய் மாதிரி கறுப்பாக விழுந்தது. எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றிக்கொண்டேன்.

ரஃபேல் காதைக் கிழித்துக்கொண்டு போனது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் காத்திருந்தது ஹார்வர்டுக்கு. ஒரே இன்ஜின், 600 குதிரை சக்தி, இரண்டு சீட். இரண்டாம் உலகப் போர்க் கால விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார். நம் விமானப்படையும் இதில்தான் பழகியது. இப்போது பழுது பார்த்து மறுபடி பறக்க விட்டிருக்கிறார்கள். டகோட்டா 'பரசுராமா' கதை இன்னும் விசேஷம். காயலான் கடைக்குப் போகவிருந்ததை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் புதுப்பித்து, விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். 2018-ல் இந்தியா வந்தது. அவருடைய அப்பா டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி.

ஹார்வர்டு நிதானமாக வந்தது, நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. 125. கூடவே திரும்பினேன். பன்னிரண்டு படத்தில் ஒன்று தேறியது. ஃபேன் சுத்தியது!

ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தது. கலைந்தது என்றா சொன்னேன்? நகரவே முடியவில்லை. பிளாட்பாரத்தில் குழந்தையோடு உட்கார்ந்துவிட்ட ஓர் அம்மா, என் பெரிய பையைப் பார்த்து, "தம்பி, தண்ணி இருக்கா?" என்றார். பையில் இரண்டு லென்ஸ், மூன்று பேட்டரி, நாலு மெமரி கார்டு. தண்ணீர் பாட்டில் ஒன்றே ஒன்று, அதுவும் காலி. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். அந்த வெயிலிலும் நெரிசலிலும் அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஊருக்கு வந்து படத்தைக் காட்டினேன். "பாஸாயிட்டே தம்பி" என்றார் ஸ்டூடியோக்காரர்.

பாஸா? எனக்கென்னவோ அந்த அம்மா கேட்டதுதான் பரீட்சை என்று தோன்றுகிறது. அடுத்த ஏர் ஷோவுக்குப் போகிறவர்களே, ஒரு லென்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர். ஒன்று உங்களுக்கு, ஒன்று கேட்கப்போகிறவருக்கு.