அப்புவுக்கு ஒரு பிளக்ஸ்

29 அக்டோபர் 2021, வெள்ளி

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது கடைப் பையன் போனும் கையுமாக உள்ளே வந்தான். "சார், அப்பு சாரை ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்களாம்." அப்பு என்றால் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார். வதந்தியாக இருக்கும் என்றேன். காலையில்தானே அண்ணன் சிவண்ணாவின் 'பஜரங்கி 2' வெளியானதற்கு வாழ்த்துச் சொல்லி ட்வீட் போட்டிருந்தார்! சற்று நேரத்தில் டி.வி.யிலும் வந்துவிட்டது. உடற்பயிற்சிக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று போனவர் திரும்பவில்லை. வயது 46. எனக்கும் அதே வயதுதான்.

அடுத்த அழைப்பு அம்மாவிடமிருந்து. "பார்த்தியாடா? கடையைப் பூட்டிட்டு வந்துரு. வர்ற வழியில போன்ல தமிழ் பேசாத."

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்களான எங்களுக்கு இது பழகிப்போன அறிவுரை. 1991 டிசம்பரில் தமிழர்களுக்கு எதிரான காவிரிக் கலவரம். 2000இல் வீரப்பன் அப்புவின் அப்பா ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போய் வைத்திருந்த 108 நாள்கள். ஒவ்வொரு நாளும் செய்தி கேட்டுவிட்டுத்தான் அப்பா வேலைக்குக் கிளம்புவார். 2006 ஏப்ரலில் ராஜ்குமார் இயற்கையாகத்தான் இறந்தார். தமிழர் மேல் யாருக்கும் கோபமில்லை. ஆனாலும் ஊரே தீப்பற்றியது; போலீஸ் சுட்டது; காவலர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்த வீட்டில் ஒரு சாவு என்றால் எங்கள் தெருவில் முதலில் இறங்குவது ஷட்டர். கண்ணீர் அதற்குப் பிறகுதான்.

பாதி ஷட்டரோடு உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மேல் அஞ்சலி பிளக்ஸ் கேட்டு ஆள் வர ஆரம்பித்தது. ஆறுக்கு நாலு, எட்டுக்கு ஆறு, பத்துக்கு எட்டு. பிளக்ஸுக்கு நகரத்தில் தடை உண்டு. இன்றைக்கு அதை யார் கேட்கப் போகிறார்கள்? எல்லோருக்கும் அவர் சிரிக்கிற படம்தான் வேண்டும். அஞ்சலிக்குச் சிரிப்பு ஒத்துவருமா என்று கேட்டுப் பார்த்தேன். "சிரிக்காத போட்டோ ஒண்ணு எடுங்க பார்ப்போம்" என்றார் ஆட்டோக்காரர். கம்ப்யூட்டரில் தேடினேன். சண்டைக் காட்சி ஸ்டில் தவிர ஒன்றும் தேறவில்லை.

இரவு இரண்டு மணிவரை மெஷின் ஓடியது.

30 அக்டோபர், சனி

அம்மா இரவெல்லாம் தூங்கவில்லையாம். காலையில் வெள்ளைப் புடவை கட்டித் தயாராக நின்றாள். "ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போ." நேற்று கடையைப் பூட்டச் சொன்னவள்! அவளுக்குப் பிறந்த வீடு தாளவாடிப் பக்கம். ராஜ்குமார் பிறந்த காஜனூரும் அங்கேதான். இன்றைய கணக்கில் ஈரோடு மாவட்டம். அங்கே சந்தைக்குப் போனால் ஒரு வாக்கியத்திலேயே இரண்டு மொழியும் இருக்கும். "ராஜ்குமார்-பார்வதம்மா கடைக்குட்டிடா" என்கிறாள், அத்தை மகனைச் சொல்வதுபோல. அப்பு பிறந்ததும் சென்னையில்தான், 1975இல். அப்போது வைத்த பெயர் லோகித்.

உடல் வைத்திருந்த கண்டீரவா ஸ்டேடியத்தைச் சுற்றி வரிசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் பூ மார்க்கெட் பெண்கள், பின்னால் ஐ.டி. அட்டை தொங்கும் பையன்கள். அம்மா முழங்கால் வலியைத் தமிழில் சொல்லிப் புலம்ப, பின்னால் நின்ற பையன் கன்னடத்தில் "அஜ்ஜி, உட்காருங்க" என்று தன் பையைத் தரையில் வைத்தான். லத்தியைக் கையில் வைத்திருந்தார்களே தவிர நான் பார்த்தவரை போலீஸ்காரர்கள் ஓங்கவில்லை. இந்த அமைதிக்குப் பாதிக் காரணம் குடும்பத்தார் கைகூப்பிக் கேட்டுக்கொண்டது. மீதிப் பாதி, ஞாயிறுவரை மதுக்கடைகளை மூடியது. ரசிகர்களின் பண்பு என்று நாளைக்குப் பத்திரிகையில் எழுதுவார்கள். எழுதட்டும்.

உடலைப் பார்க்கக் கிடைத்தது ஒரு கணம். அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது பவர் ஸ்டார் அல்ல, எட்டு வயதுப் பிரகலாதன். 1983இல் 'பக்த பிரகலாதா' பார்க்க அப்பா எங்களைத் தரை டிக்கெட்டில் கூட்டிப்போனார். இரணியனாக வந்தவர் ராஜ்குமார். மகனாக வந்தது அவருடைய சொந்த மகனே. சொந்த அப்பாவே இப்படி மிரட்டினால் வீட்டில் எப்படிச் சோறு இறங்கும் என்று அன்று எனக்கு உண்மையாகவே கவலை. கன்னடத்தை ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டதும் அந்தப் பையனைப் பார்த்துத்தான். பள்ளியில் என் உச்சரிப்பைக் கேலி செய்தவர்களிடம் பிரகலாதன் வசனம் சொல்லிக் காட்டி வாயடைத்திருக்கிறேன்.

1985இல் வந்த 'பெட்டத ஹூவு' இன்னும் நெருக்கம். மலையில் பூப் பறித்து விற்று, குவெம்புவின் ராமாயண நூலை வாங்கக் காசு சேர்க்கும் ஏழைப் பையன் ராமு. சேர்த்த பிறகு வீட்டார் குளிரில் நடுங்குவதைப் பார்த்துப் புத்தகத்தை விட்டுவிட்டுக் கம்பளி வாங்கிவருவான். ராமுவாக நடித்த அப்புவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2002இல் 'அப்பு' படத்தோடு கதாநாயகனாகி, அந்தரத்தில் சுழன்று அடித்து, கோடி ரசிகர்களைச் சேர்த்தார். அதெல்லாம் என்னைவிட இளையவர்களுக்கு. ராமு மட்டும் எனக்கு.

அடக்கம் நாளைக்குத்தானாம். நியூயார்க்கிலிருந்து மகள் வந்து சேர வேண்டியிருந்தது.

31 அக்டோபர், ஞாயிறு

கூட்டம் சேருவதற்குள் விடியற்காலையிலேயே ஸ்டேடியத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். டி.வி.யில்தான் பார்த்தோம். முதல்வர் பொம்மை குனிந்து நெற்றியில் முத்தமிட்டார். அரசியல்வாதி அழுதால் எனக்குச் சட்டென்று நம்பிக்கை வராது, இதை நம்பினேன். கண்டீரவா ஸ்டுடியோவில் அப்பா, அம்மா பக்கத்திலேயே இடம்.

1 நவம்பர், திங்கள்

ராஜ்யோத்ஸவா, கர்நாடகம் உருவான நாள். மஞ்சள் சிவப்புக் கொடிகளுக்கு நடுவே நான் அச்சடித்த பிளக்ஸ்கள்.

அப்புவின் கண்கள் நாலு பேருக்குப் பார்வை கொடுத்திருக்கின்றனவாம். இரண்டு கண்ணில் நாலு பேர் எப்படி என்று பையன் விழித்தான். நாராயண நேத்ராலயா மருத்துவர்கள் விளக்கியதைச் சொன்னேன். ஒவ்வொரு கருவிழியையும் முன்படலம், பின்படலம் என்று இரண்டாகப் பிரித்து, யாருக்கு எந்தப் படலம் கெட்டிருக்கிறதோ அதை மட்டும் பொருத்தியிருக்கிறார்கள். ராஜ்குமாரும் பார்வதம்மாவும் முன்பே கண் கொடுத்துவிட்டுப் போனவர்கள்.

4 நவம்பர், வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தம் குறைவு.

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பசங்க பிளக்ஸ் கேட்டு வந்தார்கள். கன்னடத்தில் 'மத்தே ஹுட்டி பா அப்பு'. கீழே தமிழில் 'மீண்டும் பிறந்து வா' என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். கூட வந்த பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்குடா வம்பு? 91ல எங்க போர்டெல்லாம் தார் பூசினாங்க." பசங்களுக்கு 91 என்றால் வெறும் எண். "அப்பு பாஸுக்குத்தானே வைக்கிறோம் தாத்தா, யாரு கேப்பா?" கடைசியில் கன்னடம் பெரிதாகவும் தமிழ் சின்னதாகவும் அடித்துக் கொடுத்தேன். பெரியவர் போகும்போது என்னிடம், "கிழிச்சாங்கன்னா உன் கடைப் பேரும் அதில இருக்கு, ஞாபகம் வெச்சுக்க" என்றார். கடைப் பேரை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

9 நவம்பர், செவ்வாய்

பிளக்ஸ் அப்படியே இருக்கிறது. யாரோ அதற்கு மாலை வேறு போட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு ஆள் இல்லை.

பையன் லீவு. அரண்மனை மைதானத்தில் ரசிகர்களுக்கு அன்னதானம். ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு ஆள் குவிகிறார்களாம், பெரும்பாலும் இளைஞர்கள். என்னையும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள்.

அம்மாவுக்குக் கவலை வேறு. "கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணின கண்ணை எடுத்துக்குவாங்களா?" எடுத்துக்கொள்வார்கள், அதில் மாற்றுவது லென்ஸ்தான், கருவிழி வேறு என்றேன். உறுதிமொழிப் படிவம் வாங்கிவரச் சொன்னாள். பெயர், வயது எல்லாம் எழுதிக் கொடுத்தேன். சாட்சிக்குக் கையெழுத்துக் கேட்டால் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. "ஏங்க, நல்லா இருக்கிற மனுஷிக்கு இப்பவே ஃபாரமா?"

"உன் ஃபாரத்தையும் சேர்த்து வாங்கியிருக்கான், கேளு" என்றாள் அம்மா.

நான் வாங்கியது இரண்டுதான், மற்றது எனக்கு. நாளைக்கு இன்னொன்று வாங்கிவர வேண்டும்.