ஆயில் எங்கே போகிறது?

கார் ஆயில் குடிக்கிறது என்பார்கள். குடித்த ஆயில் இரண்டு வழிகளில்தான் போயிருக்க முடியும். வெளியே ஒழுகியிருக்கும், இல்லையென்றால் உள்ளே எரிந்திருக்கும். எரிவதற்கும் முக்கியமாக இரண்டு வாசல்கள் உண்டு. கீழே பிஸ்டன் ரிங், மேலே வால்வு சீல். ரிங் போயிருந்தால் இன்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். சீல் என்றால் அவ்வளவு வேலை இல்லை. என் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 47,000 ரூபாய்.

கிணத்துக்கடவிலிருந்து கோவைக்குத் தினமும் நான் ஓட்டிப்போகும் காருக்கு 11 வயது. என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆயில் குறைகிறது என்று நகரத்தில் ஒரு பட்டறைக்குப் போனபோது அவரும் கூட வந்தார். நான் சொல்லச் சொல்ல, பட்டறைக்காரர் அவரைப் பார்த்தே தலையாட்டினார். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். “ரிங் போச்சுங்க சார். இன்ஜின இறக்கோணும். 55 ஆவும்.” எந்த நேரத்தில் புகை வருகிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். “அம்மிணி, அதெல்லாம் சாருகிட்ட சொல்லிட்டேனுங்க” என்றார்.

அந்த 55,000 ரூபாய் வீட்டில் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நான் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது. அதனால் வேலையை ஒப்புக்கொள்ளாமல் வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

என் அம்மா 22 வருடம் ஒரு நூற்பாலையில் சைடராக இருந்தார். ரிங் ஃபிரேமில் ஒரு கதிர் எண்ணெய் வறண்டு ஓடினால், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கை காட்டுவார். பழுது பார்த்த பெயரும் அதற்கான சம்பளமும் ஃபிட்டருக்கு. அந்த மில்லில் ஃபிட்டர் எல்லோரும் ஆண்கள். கண்டுபிடித்த அம்மாவின் அறிவுக்கு ‘பழக்கம்’ என்று பெயர்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஜி.டி. நாயுடுவைப் பெருமையாகச் சொல்லாத வீடு இல்லை. பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து, மறுபடி மாட்டிக் கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் தன் முதல் பஸ்ஸைத் தானே ஓட்டினார். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் பிரித்துப் பார்க்கும் ஆசை ஆணிடம் இருந்தால் அது மேதைமை. பெண்ணிடம் இருந்தால் ‘உனக்கெதுக்கு இந்த வேலை’. 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போனார். வழியில் வந்த பழுதுகள் சிலவற்றை அவரே சரிசெய்தார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அது.

நான் ஒரு நோட்டு போட்டேன். சமதரையில், இன்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில் கேஜ் கம்பியைத் துடைத்து அளந்தேன். மேல்குறிவரை ஆயில் ஊற்றி, கிலோமீட்டரை எழுதினேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி மேல்குறிக்குக் கொண்டுவர 700 மில்லி தேவைப்பட்டது. இரவில் வண்டிக்கடியில் அட்டை விரித்தேன். ஒரு சொட்டு இல்லை. டேப்பட் கவர் ஓரத்தைத் துணியால் துடைத்தேன், காய்ந்திருந்தது. ஆகவே ஒழுகவில்லை, எரிகிறது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து, ஒரு நிமிடத்தில் நின்றது. இரவெல்லாம் மேலிருந்து வால்வு தண்டு வழியாகக் கசிந்த ஆயில்தான் அப்படி எரியும்.

அடுத்த சோதனையை வால்பாறை மலை செய்து கொடுத்தது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போது பின்னால் உட்கார்ந்திருந்த மகள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். புகையில்லை. ரிங் தேய்ந்திருந்தால் இன்ஜின் முக்கி இழுக்கும் அந்த நேரத்தில்தான் புகை அதிகம் வரவேண்டும். இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இரண்டாம் கியரில் வந்தேன். அப்போது காற்று போகும் வழி மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சல் பலமாக இருக்கும். கெட்டுப்போன சீல் வழியாக அது ஆயிலை இழுத்து வைத்துக்கொள்ளும். அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். “அம்மா, நீலமா வருது!” என்று கத்தினாள் மகள்.

இரண்டாவதாகப் போன சின்னப் பட்டறையில் நோட்டைக் கொடுத்தேன். அந்தத் தம்பி இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். “ஏனுங்க்கா, நீங்களே எழுதுனதுங்களா? அப்ப மொதல்ல கம்ப்ரஷன் பாத்துரலாமுங்க.” நான்கு சிலிண்டரிலும் அளவு 160க்கும் 170க்கும் இடையில் நின்றது. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். பெரிதாக ஏறவில்லை. ரிங் நன்றாகத்தான் இருந்தது. ஹெட்டை மட்டும் இறக்கி, 16 வால்வு சீல்களையும் ஹெட் பேக்கிங்கையும் மாற்றினார். கூலியோடு 8,000 ரூபாய். அதற்குப் பின் ஓடிய முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு 100 மில்லிகூடக் குறையவில்லை.

கழற்றிய சீல்களை ஒரு கவரில் கேட்டு வாங்கி வந்தேன். விரலில் அழுத்தினால் நசுங்க வேண்டிய ரப்பர், வெந்து வெந்து நகம்போலக் கெட்டியாகியிருந்தது. என் வகுப்பு மாணவிகள் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஓட்டுநர் உரிமம் வாங்கும் வயதில் இருக்கும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான்: கேஜ் கம்பியை நீங்களே பாருங்கள், தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதுங்கள், கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பட்டறைக்காரர் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பேசினால், நோட்டை அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டுங்கள்.