நூலகத்தின் வாசல் எந்தத் தெருவில்?

எங்கள் ஊரில் கிளை நூலகம் ஊர்த்தெருவில் இருந்தது. சேரியிலிருந்து போனால் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் உள்ளே இருந்தது ஒரே ஒரு நீள பெஞ்சு. அதில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். நான் வாசலோரம் நின்றபடி படிப்பேன். புத்தக பீரோ பூட்டியே இருக்கும். வேண்டிய புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பையன் எந்தப் பெயரைச் சொல்வான்?

கல்லூரிக்காகச் சென்னை வந்தபோது, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். 2010இல் திறக்கப்பட்ட பெரிய கட்டடம். அலமாரிகள் திறந்தே இருந்தன. அம்பேத்கர் தொகுதி ஒன்றை நானே எடுத்தேன். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. பெஞ்சு இல்லை, ஆளுக்கொரு நாற்காலி. பக்கத்தில் நான் உட்கார்ந்ததும் எழுந்துபோக யாருக்கும் காரணமில்லை. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவு இருந்தது. ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லாதவர்களுக்கு அதன் அருமை தெரியும். குழந்தைகள் பிரிவில் தரையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டபோது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அன்று புரிந்தது: நாற்காலியும் அலமாரியும் வாசலும் வெறும் அலங்காரம் அல்ல. யார் உள்ளே வரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை அவைதான் சத்தமில்லாமல் தீர்மானிக்கின்றன. திறந்த அலமாரி வேண்டுமென்று எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே எழுதிவிட்டார். தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டுமென்பதை மனத்தில் வைத்தே அம்பேத்கர் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டினார்.

மதுரையிலும் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் நம் பிள்ளைகள் முதலில் போவது பக்கத்திலிருக்கும் கிளை நூலகத்துக்குத்தான். 1948 நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. சேரி வீட்டு ரசீதிலும் அது இருக்கிறது. எனவே இது சலுகை அல்ல.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் கேளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் நூலகம், பூட்டில்லாத அலமாரி, ஆளுக்கொரு நாற்காலி, பெண்களுக்குக் கழிப்பறை, கூலி வேலை முடிந்து வருபவர்களுக்காக இரவு எட்டு மணி வரை விளக்கு. பிள்ளைகள் வரையவும் கதை சொல்லவும் ஒரு மூலை.

புத்தகம் எத்தனை என்று பிறகு கேட்போம். முதலில், வாசல் எந்தத் தெருவில் என்று கேட்போம்.