நிழல் யாருடையது

ஜூன் 3, 2025, செவ்வாய்

பள்ளிகள் நேற்றுத் திறந்துவிட்டன. பேத்தியைக் கொண்டுபோய் விட இன்று நானே கிளம்பினேன். பேருந்து நிறுத்தத்துக்குப் போனால் நிழற்குடையைக் காணோம். சாலைப் பணிக்காக விடுமுறையிலேயே பெயர்த்து எடுத்துவிட்டார்களாம். கால்கள் நின்ற இடத்தில் நான்கு குழிகள். பெயர்ப்பலகையும் அதோடு போய்விட்டது.

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. இஸ்திரி வண்டிக்காரர் தன் நீலத் தார்ப்பாயை இரண்டு முழம் முன்னால் இழுத்துக் கட்டியிருந்தார். அதன் கீழே ஏழெட்டுப் பேர். பலகை இல்லாததால் ஒரு வண்டி மருந்துக்கடையை ஒட்டி நின்றது, அடுத்தது சிக்னல் தாண்டிப் போய் நின்றது. ஒவ்வொரு முறையும் எல்லாரும் ஓடினோம். பூக்கார அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட முடியாமல் ஒரு வண்டியை விட்டார். "எங்க நிக்கணும்னு வண்டிக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல டீச்சர்" என்றார்.

நிழற்குடை என்பது நான்கு தூண், ஒரு தகரம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது போன பிறகுதான், வண்டிக்கும் மனிதருக்கும் இடையில் எழுதாத ஓர் ஒப்பந்தம் அதில் இருந்தது என்று தெரிகிறது. நீ இங்கே நில், நான் இங்கே வருகிறேன் என்பது அந்த ஒப்பந்தம்.

ஜூன் 7, சனி

இன்று நிறுத்தத்தில் பேச்சு நீண்டுவிட்டது. எதிர்த் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணன் வந்து சேர்ந்துகொண்டார். சென்னையின் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1994-ல் கழகத்தை இரண்டாகப் பிரித்தபோது அம்பேத்கர் கழகத்துக்காரர் ஆனார். 2001-ல் மறுபடி ஒன்றாக்கியபோது மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்காரர். பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடும் 29சி-யில் பல வருடம் பை மாட்டியவர். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனதும் அந்த வண்டியில்தான். அவர் கையால் டிக்கெட் வாங்கியிருப்பேனோ என்னவோ.

மருந்துக்கடைத் தம்பி கேட்டான்: "ஏன் சார், அரை மணி நேரம் ஒண்ணும் வராது, அப்புறம் மூணு சேர்ந்து வரும். டிரைவருங்க பேசி வச்சுக்கிட்டு வர்றாங்களா?"

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். "முதல் வண்டி சிக்னல்ல ரெண்டு நிமிஷம் மாட்டிக்கிச்சுன்னு வையி. அந்த ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஸ்டாப்ல இன்னும் நாலு பேரு சேர்ந்துடுவாங்க. அவங்க ஏற நேரம் ஆகும். அதனால வண்டி இன்னும் லேட். அதுக்கடுத்த ஸ்டாப்ல இன்னும் கூட்டம். பின்னாடி வர்றவனுக்கு ஏத்த ஆளே இருக்காது, அவன் வேகமா வந்து முன்வண்டி முதுகுல ஒட்டிக்குவான். டிரைவர் பேசி வச்சு வர்றதில்லப்பா. ரோடு சேர்த்து விடுது."

என் வாழ்நாளில் பாதியைப் பேருந்துக்குக் காத்தே கழித்திருக்கிறேன். இந்தக் கணக்கை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டேன். டெர்மினஸில் டைம் கீப்பர் இடைவெளி பார்த்து விட வேண்டும், நெரிசல் நேரத்தில் பேருந்துக்குத் தனித்தடம் வேண்டும், நிறுத்தத்தில் ஆட்டோவும் காரும் நிற்கக் கூடாது என்றார். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு துறை. அதை அவர் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து நான் யோசித்தது.

ஜூன் 16, திங்கள்

அண்ணனும் நானும் மருந்துக்கடைத் தம்பியின் அம்மாவும் நிழற்குடை கேட்டு மனுவோடு கிளம்பினோம். முதல் அலுவலகத்தில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டார்கள். பேருந்து ஓட்டுவது மட்டும்தான் தங்கள் வேலை, நிழற்குடை வேறு இடம் என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், நிழற்குடை தங்களுடையதுதான், ஆனால் சாலை தங்களுடையது அல்ல, சாலைக்காரர் இடத்தைத் திருப்பித் தந்தால்தான் நட முடியும் என்றார்கள். மூன்றாவது இடத்தில், வேலை ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது, முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. மூவர் சொன்னதும் உண்மை, நிழல் மட்டும் இல்லை.

இரவு அரசமைப்புச் சட்டத்தின் 12-வது அட்டவணையை எடுத்துப் படித்தேன். 74-வது திருத்தத்தோடு 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது அது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் அதில் இருக்கின்றன. 4-வது, சாலைகளும் பாலங்களும். 17-வது வரியில் தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம். மூன்று முறை படித்துப் பார்த்தேன். பேருந்து நிறுத்தம் இருக்கிறது. பேருந்து இல்லை.

நிறுத்தத்தை நகரத்துக்குக் கொடுத்துவிட்டுப் பேருந்தை மாநிலத்திடம் வைத்திருக்கிறோம். நான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலரிடம், வண்டி ஏன் குறைந்தது என்று கேட்டால் அவரால் மனு எழுதித்தான் தர முடியும், என்னைப் போலவே. இந்த நகரத்தில் ஒரு பெண் வேலைக்குப் போவாளா மாட்டாளா, ஒரு பையன் கல்லூரியை முடிப்பானா மாட்டானா என்பதைத் தீர்மானிக்கும் விஷயம் அந்த நகரத்தின் மன்றத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. இது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

நிறுத்தம் பற்றிப் பேசக் கோயில் மண்டபத்தில் கூட்டம். இருபது பேர் வருவார்கள் என்று பாய் விரித்தோம். ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள்.

எடுத்த எடுப்பில் சண்டை. "லேடீஸுக்கு ஃப்ரீ விட்டதிலிருந்துதான் கூட்டம். டிக்கெட் எடுக்கிற எங்களுக்கு நிக்க இடமில்ல" என்றார் ஒருவர், நல்ல மனிதர்தான். மண்டபம் சற்று அமைதியானது. பூக்கார அக்கா எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர், முந்தானையை முறுக்கிக்கொண்டே பேசினார். "2021-க்கு முன்னாடி நானும் இந்த ரோட்லதான் இருந்தேன் சார். கோயம்பேட்ல பூ வாங்கிட்டுப் பாதி தூரம் ஷேர் ஆட்டோ, பாதி தூரம் நடை. நீங்க வண்டியில இருந்தீங்க, அதனால பாக்கல. இப்ப உள்ள ஏறிட்டேன். அதான் கூட்டமாத் தெரியுது."

அவர் உட்கார்ந்த பிறகும் யாரும் பேசவில்லை. எதிர்த்துச் சொன்னவரே முதலில் தலையாட்டினார்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். அதற்கு முன் 2018 ஜனவரியில் கட்டணம் ஏறியது, நகரப் பேருந்தின் குறைந்த கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ஆனது. அந்த மாதம் எங்கள் தெருவில் எத்தனை பேர் தவணையில் வண்டி வாங்கினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது, என் மகனும் ஒருவன். கட்டணம் ஏறியபோது இறங்கியவர்களையும், விலக்கியபோது ஏறியவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டம் குற்றமில்லை. கூட்டம் என்றால் வண்டி போதவில்லை என்று பொருள்.

பிறகு மெட்ரோ பற்றி வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு மூன்று வழித்தடங்கள், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வரட்டும், வேண்டும், எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் மெட்ரோ நிலையத்துக்கு வீட்டிலிருந்து எப்படிப் போவது என்று ஒரு பாட்டி கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பதில் நடைபாதையிலும் சின்னப் பேருந்திலும் இருக்கிறது. இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. எங்கள் நடைபாதையில் இன்றும் மின்பெட்டி, மோட்டார் சைக்கிள், கட்டுமான மணல் எல்லாவற்றையும் தாண்டி இறங்கித்தான் நடக்கிறோம்.

நடைபாதைக் கடைகளை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு குரல் வந்தது. நான் ஒப்பவில்லை. இஸ்திரி வண்டிக்காரர் இல்லையென்றால் இந்த மாதம் முழுக்க எங்களுக்கு நிழலே இருந்திருக்காது.

கடைசியாகப் பேசியவர் முன்பு எங்கள் நகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். 2011 வரை எங்கள் ஊர் தனி நகராட்சி. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. "அப்ப தலைவர் வீடு நடக்கிற தூரம். குழாயில தண்ணி வரலன்னா குடத்தோட போய் நிப்பாங்க. இப்ப ஒரு வார்டுலயே முப்பதாயிரம் பேருக்கு மேல" என்றார். அது மட்டுமல்ல. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருடத்துக்கு மேல் இந்த மாநகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. வெள்ளமும் கொரோனாவும் வந்துபோயின. யாரிடம் போவது என்று கேட்கும் பழக்கமே மக்களுக்கு விட்டுப்போனது அப்போதுதான் என்றார் அந்த முன்னாள் உறுப்பினர். இருக்கலாம்.

பகுதி சபையில் எங்கள் மனுவை வைக்க வேண்டும் என்று முடிவானது. 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிந்து, அங்கே குடியிருப்பவர்கள் உட்கார்ந்து பேச இடமுண்டு. மண்டபத்தில் இருந்தவர்களில் நான்கு பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. தாழ்தளப் பேருந்துகள், படி ஏற வேண்டாம், சக்கர நாற்காலியும் போகும். செய்தியைப் படித்துவிட்டு அடுத்த தெருத் தம்பியை நினைத்துக்கொண்டேன். போலியோவில் இரண்டு கால்களும் போனவன், கணக்கு வேலை பார்க்கிறான், வேலைக்கு ஆட்டோவில் போய்வருவதிலேயே சம்பளத்தில் பெரும்பங்கு கரைகிறது. போனில் கேட்டான்: "டீச்சர், பஸ் கீழ இறங்கி வரும், சரி. பிளாட்பாரத்துலருந்து நான் எப்படி அது கிட்டப் போறது? அது ரோட்டு நடுவுல இல்ல நிக்குது?"

தளம் தாழ்ந்த வண்டிக்கு ஓரம் ஒட்டி நிற்க இடம் வேண்டும். அதே உயரத்தில் உடையாத நடைமேடை வேண்டும். வண்டி ஒரு கையிலும் மேடை இன்னொரு கையிலும் இருக்கும்வரை, இடையில் அந்த ஒரு முழ இடைவெளி அவனுக்குக் கடலாகவே இருக்கும். மனுவில் இதையும் சேர்த்தோம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொலு வைத்து இரண்டாம் நாள். சுண்டலுக்கு வந்தவர்கள் எல்லாரும் சென்னை ஒன் செயலி பற்றித்தான் பேசினார்கள். நேற்று முதல்வர் தொடங்கிவைத்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் சீட்டு. ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் செய்தது. அதற்கான சட்டம் 2010-ல் வந்தது, 2019-ல் நடைமுறைக்கு வந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில். பிரிந்து கிடக்கும் துறைகளை ஒரு மேசையில் உட்காரவைக்க என்றே பிறந்த அமைப்பு. பிறந்து நடக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஆனாலும் சீட்டு ஒன்றானதே, அதில் எனக்கு மகிழ்ச்சி. சீட்டைப் போல நேர அட்டவணையும் நடைமேடையும் ஒன்றாக வேண்டும்.

பூக்கார அக்காவிடம் பட்டன் போன். மருந்துக்கடைத் தம்பி தன் போனில் வண்டி எங்கே வருகிறது என்று அவருக்குக் காட்டினான். அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 18, சனி

இரவெல்லாம் மழை. தீபாவளிக்கு இரண்டு நாள். காலையில் நிறுத்தத்துக்குப் போனால் சிமெண்ட் மேடையில் புது போல்ட்டுகள் நட்டிருக்கின்றன. நிழற்குடை வரப்போகிறது. எங்கள் மனுவாலா, வேலை முடிந்ததாலா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. இளம் பொறியாளர் ஒருவர் ரெயின்கோட்டில் நின்று அளந்துகொண்டிருந்தார். கண்டக்டர் அண்ணன் அவர் பக்கத்திலேயே நின்று, முன்வாசல் எங்கே திறக்கும், பின்வாசல் எங்கே வரும் என்று குடைக்கம்பியால் ஈரத் தரையில் கோடு போட்டுக் காட்டினார். போலியோத் தம்பிக்காகச் சரிவுப்பாதை கேட்டோம். பொறியாளர் எழுதிக்கொண்டார்.

"போர்டுல என்ன பேரு போடணும்?" என்று கேட்டார் அவர்.

அதற்குத்தான் நேரம் பிடித்தது. பெரியவர்களுக்கு அது கிணற்றடி, கிணறு மூடி எத்தனையோ வருடமாகிறது. கண்டக்டர்கள் கத்துவது பழைய தியேட்டர் பெயரை. கோடம்பாக்கத்தில் தியேட்டர் போன பிறகும் லிபர்ட்டி இருக்கிறதே, அது மாதிரி. பிள்ளைகள் நகைக்கடைப் பெயரைச் சொல்கிறார்கள். கடைப் பெயர் வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனோம். பூக்கார அக்கா கூடை மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார்: "எதுவானாலும் போடுங்க. பெருசா, தமிழ்ல, தூரத்துலருந்து தெரியற மாதிரி போடுங்க."

பொறியாளர் திங்கட்கிழமை பண்டிகை, செவ்வாய்க்குள் சொல்லுங்கள் என்றார். தார்ப்பாயில் தேங்கிய நீரை இஸ்திரி வண்டிக்காரர் கழியால் தட்டிவிட்டார். வண்டி வந்தது, மேடைக்கு ஒரு அடி தள்ளி நின்றது. பேத்தியின் கையைப் பிடித்து ஏறினேன்.