பேனா மீட்டரும் பியூரெட்டும்

ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷின் விற்க வருகிறவர் கையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் கம்பிகளைப் போர் தண்ணீரில் விட்டு ஸ்விட்ச் போட்டால் சற்று நேரத்தில் டம்ளர் முழுக்கச் செம்மண் குழம்பு. பார்த்துப் பயந்து எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். கரைந்தது அந்தக் கம்பியின் இரும்புதான்; உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது என்றேன். "சார் ரிட்டயர்டு ஆனவர், அப்படித்தான் சொல்வார்" என்றார் ஒருவர். சென்னையின் கிணறும் போரும் சோதித்தே தலை நரைத்தவன் நான்.

இன்னொரு கூத்து டி.டி.எஸ். பேனா. 350 காட்டினால் நல்ல தண்ணீராம். செப்டிக் டேங்கை ஒட்டிய கிணறும் 350 காட்டும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியதா, கோலிஃபார்ம் பாக்டீரியாவின் எம்.பி.என். எண்ணிக்கை எவ்வளவு என்று அந்தப் பேனாவுக்கு என்ன தெரியும்? அது அளப்பது மின்கடத்துத் திறனை மட்டும்.

லேபில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது கடினத்தன்மை டைட்ரேஷன். பஃபர் விட்டு, இ.பி.டி. நிறங்காட்டி போட்டு, பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. இறக்கினால் ஒயின் சிவப்பு நீலமாக வேண்டும். இரும்பு மிகுந்த சாம்பிளில் வராது. ஊதாவில் நின்று சண்டித்தனம் செய்யும். எங்கள் சீனியர் அனலிஸ்ட் மேடம் பின்னால் வந்து நிற்பார். டியூப்லைட்டை அணைத்து, ஜன்னல் பக்கம் வெள்ளை டைல் மேல் பிளாஸ்க்கை வைக்கச் சொல்வார். "சிவப்போட நிழல்கூட இருக்கக் கூடாதுப்பா." இரும்பை அடக்கும் இன்ஹிபிட்டர் போட்டோமா, பஃபர் விட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடித்தோமா என்று கேட்பார். இரண்டு ரீடிங் ஒத்து வராமல் சாப்பிடப் போக விடமாட்டார். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: "மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுச்சு?" பாரத்தில் அது இல்லையென்றால் சாம்பிள் சிங்க்கில் போய்விடும். பைப்பில் தேங்கியதைச் சோதித்து என்ன பயன்?

பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. அளவு மீறி உறிஞ்சினால் குளோரைடு ஏறும். 2019 வறட்சியில் போரை ஆழப்படுத்திய பலருக்கு இதைச் சொன்னேன், கேட்டவர் குறைவு.

இப்போதைய லேப் பிள்ளைகள் எல்லாச் சோதனைக்கும் ஒரே கோலா பாட்டிலில் பிடித்து வருகிறார்கள். இரும்புக்குத் தனி பாட்டில், பிடித்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம். இல்லையென்றால் தெளிவாக வந்த தண்ணீர் லேபுக்குள் வரும்போது சிவந்து, இரும்பு அடியில் படிந்திருக்கும். கோலிஃபார்முக்கு ஸ்டெரிலைஸ் செய்த பாட்டில், ஐஸ் பெட்டி. உலோகக் குழாய் என்றால் வாயைச் சுட வேண்டும், பிளாஸ்டிக் என்றால் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். சொன்னால் சிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நேற்று காட்டிய ரிப்போர்ட்டில் சாம்பிள் எடுத்தவர் என்ற கட்டத்தில் 'பார்ட்டி' என்று எழுதியிருந்தது. எந்தப் பாட்டில், எப்போது பிடித்தது, ஒன்றும் இல்லை. அடியில் மட்டும் 'குடிக்க உகந்தது' என்று பெரிய முத்திரை.