விநாடிக்கு மூன்று

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

என் தாத்தாவுக்கு மொத்தம் மூன்றே மூன்று போட்டோதான் உண்டு. ரேஷன் கார்டுக்காக எடுத்தது ஒன்று. அம்மா கல்யாண ஆல்பத்தில், ஓரத்தில் பாதித் தோளோடு வெட்டுப்பட்டு நிற்பது ஒன்று. பேங்க் பாஸ்புக்குக்காக எடுத்தது மூன்றாவது. அதில், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்த ஆள் மாதிரி இருப்பார்.

தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லும் வாழையும் தவிர அவருக்குத் தெரிந்த மூன்றாவது விஷயம் ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர். முந்தின நாள் மாலையே ஒரு மஞ்சள் பையில் இரண்டு படி நெல்லோடு பஸ் ஏறி, திருவானைக்காவலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குளித்து, போய் வடம் பிடிப்பார். 2020-இல் கொரோனா ஊரடங்கால் தேர் ஓடவில்லை. அன்றைக்குத் தாத்தா சாப்பிடவே இல்லை என்று அம்மாயி இன்றைக்கும் சொல்லிக் காட்டும்.

2025 சித்திரையில் வந்தபோது வலது முழங்காலில் துணி கட்டியிருந்தார். "இதோட போதும்மா. அடுத்த வருஷம் வீட்ல இருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி என்னிடம் மட்டும் தனியாக வந்து, "உன் ஃப்ரெண்டுகிட்ட நல்ல காமிரா இருக்குன்னு சொன்னியேடா... தாத்தா வடம் பிடிக்கிறதை ஒரே ஒரு படம் எடுத்துடேன்" என்று சொன்னது.

ஒரே ஒரு படமா? நான் சிரித்தேன். நண்பனிடமிருந்து வாங்கி வைத்திருந்தது கேனான் 1500டி. பர்ஸ்ட் மோடில் வைத்துப் பட்டனை அழுத்தினால் விநாடிக்கு மூன்று படம். தேர் ஒரு வீதியைக் கடப்பதற்குள் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளலாம். நூற்றில் ஒன்றா தேறாது?

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தேர் கீழச் சித்திரை வீதியிலிருந்து கிளம்பி வலமாக வரும். தெற்குச் சித்திரை வீதிக்குள் திரும்பியதும் நேராக மேற்கே நகரும். நான் தெற்கு வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றுகொண்டேன். நல்ல இடம் பிடித்துவிட்டதாகப் பெருமை வேறு. எதிரே கிழக்கு. வடம் பிடிப்பவர்கள் என்னைப் பார்த்து வருவார்கள், முகம் தெரியும் என்பது என் கணக்கு. அவர்களுக்குப் பின்னால் சூரியனும் வருமே என்பது கணக்கில் வரவில்லை!

செட்டிங் எல்லாம் முதல் நாள் ராத்திரியே முடித்துவிட்டேன். அபெர்ச்சர் 5.6. ஐ.எஸ்.ஓ. 400. ஷட்டர் வேகத்தைக் காமிராவே பார்த்துக்கொள்ளும். நகரும் பொருள் என்பதால் ஃபோகஸ் 'ஏ.ஐ. சர்வோ'. நல்ல தரம் வேண்டும் என்பதற்காக ரா ஃபைல். எல்லாம் சரிதான் என்று நான் சொன்னால், அப்போது நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

தேர் திரும்பியது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கூச்சல், 'ரங்கா, ரங்கா' என்ற சத்தம், எல்லாம் சேர்ந்து வீதியே அதிர்ந்தது. வடத்தின் நடுவில், இடது பக்கம், தாத்தா. பச்சைத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். பட்டனை அழுத்தினேன். சடக் சடக் சடக்... நாலு விநாடிகூட ஆகியிருக்காது, காமிரா நின்றுவிட்டது. வ்யூஃபைண்டரில் 'பிஸி' என்று எழுதிக் காட்டுகிறது, மத்தியானம் ரெண்டு மணிக்குக் கவுண்டரை மூடும் குமாஸ்தா மாதிரி.

சரியாக அந்த நேரத்தில் தாத்தா தலையைத் தூக்கினார். திண்ணையில் நிற்கும் என்னைப் பார்த்துவிட்டார். வாய் நிறையச் சிரித்தார். நான் அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன், காமிரா அசையவில்லை. மறுபடி உயிர் வந்து ஒரு சடக் அடித்தபோது, குறுக்கே யாரோ விசிறி மட்டையோடு போனார். அதற்கப்புறம் தாத்தா குனிந்த தலை நிமிரவேயில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மொத்தம் 286 படம். தாத்தா இருப்பது பதினேழில். அந்தப் பதினேழும் பதினேழு விதம். ஒன்றில் வானம் நீலமாக, கொடி அழகாக, முகமெல்லாம் கரி. அடுத்ததில் முகம் கொஞ்சம் தெரிகிறது, வானம் சுண்ணாம்பு. அதற்கடுத்தது மறுபடி கரி. ஒரே இடம், ஒரே விநாடி, ஒரே வெளிச்சம். ஏன் இப்படி?

திருவானைக்காவலில் எங்கள் தெருவில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு மாமா இருக்கிறார். ஃபிலிம் காலத்து ஆள். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று முப்பது வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது பிரிண்ட் மட்டும் போட்டுத் தருகிறார். அவரிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பதினேழையும் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "மாப்ளே, வெளிச்சத்தை யார் அளந்தது, நீயா காமிராவா?"

விஷயம் இதுதான். காமிராவின் மீட்டருக்கு எதிரே இருப்பது தாத்தாவா தேரா என்று தெரியாது. எதைக் காட்டினாலும், சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். விழுகிற வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. வெள்ளை வேட்டிக் கூட்டத்தைக் காட்டினால் 'அய்யோ வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடும். கருங்கல் தூணைக் காட்டினால் கூட்டிவிடும். இன்றைய மீட்டர்கள் சட்டத்தைப் பல கட்டமாகப் பிரித்து யோசித்துத்தான் முடிவு செய்கின்றன. இருந்தாலும் தேருக்குப் பின்னால் சூரியன் இருந்தால் திணறிப்போகும். நான் வைத்த ஏ.ஐ. சர்வோவில் எக்ஸ்போஷரை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக அளக்கும். கூட்டத்தில் இடிபட்டுக் காமிரா ஒரு விரல்கடை மேலே போனால் வானம் அதிகம், படம் கருப்பு. கீழே வந்தால் வேட்டி அதிகம், வேறு முடிவு. ஒன்-ஷாட் ஃபோகஸில் பாதி அழுத்திப் பிடித்திருந்தால், முதலில் அளந்த அளவே கடைசிவரை நின்றிருக்கும். அல்லது 'எம்' என்ற எழுத்துக்குத் திருப்பி, அளவை நானே வைத்திருக்கலாம். அந்த எழுத்தை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

"உள்ளங்கையைக் காட்டி அள" என்றார் மாமா. "கருப்போ சிவப்போ, உள்ளங்கை எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான். முகத்துல விழற அதே வெளிச்சம் கையிலயும் விழணும். அதை அளந்துட்டு ஒரு ஸ்டாப் கூட வை. காலையில அந்த நிழலுக்கு நானூறு, ஐந்நூத்துல ஒண்ணு, அஞ்சு புள்ளி ஆறு கிட்டத்தட்ட சரியா இருந்திருக்கும்."

"வானம் வெளுத்துடுமே மாமா?"

"வெளுக்கட்டும். நீ வானத்தையா எடுக்கப் போனே?"

இந்த வானத்துத் தகராறு நம்ம ஊருக்குப் புதிதில்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டன், அன்றைய சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர். 1858-இல் ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் படம் எடுத்து, இரண்டும் தனித்தனித் தொகுதியாகவே வந்தன. இன்று 236 அடி உயரத்தில் பதின்மூன்று நிலையோடு நிற்கும் ராஜகோபுரம் அன்று வெறும் அடித்தளமாக, மொட்டையாகக் கிடந்தது. அது முடிந்து கும்பாபிஷேகம் நடந்தது 1987-இல். ட்ரைப்பின் காலத்து நெகடிவுக்கு நீல நிறம் என்றால் தாங்காது. கோபுரத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் மொத்தமாக வெளுத்துப்போகும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பல நெகடிவுகளில் தூரிகையை எடுத்துக் கையாலேயே மேகத்தை வரைந்து சேர்த்துவிட்டார்! ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டிய காலம். நடக்கிற ஆள் படத்தில் விழவே மாட்டான். அப்போது தேர் ஓடியிருந்தால் வடம் பிடித்த அத்தனை பேரும் வெறும் புகையாகத்தான் தெரிந்திருப்பார்கள். அதே ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அவருடைய பர்ஸ்ட் மோட் அது. ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்த இருபத்தொன்று.

வேகம் வந்தது பிறகு. 1878-இல் அமெரிக்காவில் மைப்ரிட்ஜ் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் அந்தரத்தில் இருப்பதைக் காட்டினார். 1975-இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் மொத்தமே பத்தாயிரம் புள்ளி. ஒரு படத்தை கேசட்டில் எழுத 23 விநாடி. என்னுடைய 'பிஸி'யைக் கேலி செய்தேனே, அதுவும் இதே சங்கதிதான். சென்சாரிலிருந்து வரும் படங்கள் முதலில் பஃபர் என்ற நினைவகத்தில் குவியும். அங்கிருந்து கார்டுக்கு மெதுவாக எழுதப்படும். மைக்ரோபிராசசர் பாடத்தில் பஃபர் பற்றி இரண்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான்! ரா ஃபைலில் பத்துப் பதினோரு படத்துக்கே இந்தக் காமிராவின் பஃபர் நிரம்பிவிடும். ஜேபெக்கில் வைத்திருந்தால் நூறைத் தாண்டியும் ஓடியிருக்கும். இல்லையென்றால் இரண்டு மூன்றாக விட்டு விட்டு அழுத்தியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். ஷட்டர் 1/500 என்றால், விநாடிக்கு மூன்று படம் எடுக்கும் காமிரா அந்த விநாடியில் வெளிச்சத்தைப் பார்ப்பது 500-இல் 3 பங்கு. மீதி 497 பங்கும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. விநாடிக்கு இருபது எடுக்கும் விலையுயர்ந்த காமிராவானாலும் 480 பங்கு குருடுதான். ஒரு சிரிப்பு பஃபருக்குள் விழாமல் போனால்கூட இந்த 497-க்குள் விழுந்து காணாமல் போகலாம்.

திண்ணையில் என் பக்கத்தில் நின்ற பையனின் செல்போனில் வானமும் முகமும் இரண்டுமே தெரிந்தன. அதைப் பார்த்து வயிறு எரிந்தது. அதுவும் பர்ஸ்ட்தான். இன்றைய செல்போன்கள் பல படங்களை மடமடவென்று எடுத்து, ஒன்றாகக் கலந்து ஒரே படமாகக் கொடுக்கின்றன. ட்ரைப் தூரிகையில் செய்ததை அது கணக்கில் செய்கிறது. ஆனால் அவன் படத்தில் தாத்தா எறும்பு சைஸ்.

மறுநாள் தாத்தா ஊருக்குக் கிளம்புமுன் லேப்டாப்பைக் கேட்டார். பதினேழையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"ஏன் ராசா, நான் உன்னைப் பார்த்துச் சிரிச்சேனே, அது எங்க?"

"அது... விழலை தாத்தா."

"பரவால்ல போ" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டது.

மறுபடி மாமாவிடம் போனேன். பதினேழில் ஏழாவது படத்தைத் தேர்ந்தெடுத்தார், அதுவும் கருப்பு. "ரா ஃபைல்ல எடுத்தியே, அந்த மட்டும் புத்திசாலி" என்று சொல்லி, நிழலை இரண்டு ஸ்டாப் தூக்கினார். கரியிலிருந்து முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. புள்ளி புள்ளியாக இரைச்சல் இருந்தது, அதைக் கொஞ்சம் தேய்த்தார். "நெகடிவ் ஃபிலிம்ல இருட்டா எடுத்தா போச்சு, கூட வெளிச்சம் விழுந்தா தப்பிச்சுக்கலாம். டிஜிட்டல்ல தலைகீழ். வேட்டி வெளுத்துப் போச்சுன்னா அதுல திரும்ப எடுக்க ஒண்ணுமே இல்ல. இதை மறந்து பழக எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு மாப்ளே." அப்படியானால் வானத்தை மட்டும் ஏன் வெளுக்க விடலாம் என்று கேட்டேன். "எது போனா அழுவியோ அதைக் காப்பாத்து" என்று சொல்லிவிட்டு பிரிண்ட் பட்டனைத் தட்டினார்.

படத்தில் தாத்தா சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்திருக்கிறார். கட்டுப் போட்ட கால் முன்னே இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். தன்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பக்கத்தில் வடம் பிடித்திருந்த, காதில் கடுக்கன் போட்ட ஒருவரின் மேல் விரலை வைத்தார்.

"இவரு வருஷா வருஷம் எனக்குப் பக்கத்துலதான் புடிப்பாரு. துறையூர்ப் பக்கம்னு நினைக்கிறேன், பேரு கேட்டதில்ல. இதே மாதிரி இன்னொண்ணு போட முடியுமா?"

"எதுக்கு தாத்தா?"

"அவருகிட்ட குடுக்கத்தான். வேற எங்க போயி அவரைத் தேடுறது, தேர்ல வந்தாத்தான் உண்டு."

இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதை மஞ்சள் பையில் வைத்து அம்மாயி பரண்மேல் போட்டிருக்கிறது. நண்பனிடம் அடுத்த சித்திரைக்கும் காமிராவை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.