எழுபது வளைவும் சின்னக் காரும்

"விலை கம்மி காரை நம்பி கொல்லிமலை ஏறலாமா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். தாராளமாக ஏறலாம்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கார்புரேட்டர் காலத்தில் பாதி வழியில் வண்டி சூடேறி, பானட் திறந்தபடி ஓரத்தில் நிற்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேன் இல்லாமல் மலைமேலிருக்கும் ஆலத்தூர் நாட்டுக்கு யாரும் கிளம்பமாட்டோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த சான்ட்ரோ காரில் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோல் அளவை மின்னணுக் கருவியே பார்த்துக்கொண்டது. புகை விதிகள் இறுக இறுக, புதுக் கார்களில் கார்புரேட்டரே ஒழிந்தது. இன்று பழைய ஆல்டோகூட மிளகு மூட்டையோடு மூச்சுவாங்காமல் ஏறுகிறது.

ஆனால் வழியில் நிற்காது என்பது வேறு, மோதினால் காப்பாற்றும் என்பது வேறு. 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்டோ 800க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பழைய வண்டி வாங்கும் தம்பிகளே, ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறக்கத்தில் செகண்ட் கியரை விடாதீர்கள்.